பழைய எதிரொலியும் புதிய கணிப்பொறியும்



தலைநகரில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நாங்கள் சிலர், விடுமுறை நாட்களில் ஒன்றுகூடி, இங்கு வாழும் தமிழ்ப் பெரியோர் பாடும் தாலாட்டு, நலங்கு, ஊஞ்சல் பாட்டுகளைக் கணிப்பொறியில் பதிவு செய்து வருகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் எங்களுக்காகப் பாடினார். பழைய பாணியில் அமைந்த எதிரொலிக் கருவி ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தோம். ஆசை யாரை விட்டது? அவர் குரலை அக்கருவியின் வழியே செலுத்தி, வெளிவந்ததை மட்டும் பதிந்துகொண்டோம். கேட்பதற்கு இனிமையாகவே இருந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். பாட்டின் சொற்களை எழுதிக்கொள்ள அவருடைய மகள் வந்தபோதுதான் எங்கள் பிழை புலப்பட்டது. ஒவ்வோர் அடியின் வாலும் அடுத்த அடியின் தலைமேல் விழுந்து கிடந்தது. எதிரொலியைக் குரலினின்றும் தூய்மையாகப் பிரித்தெடுக்க எங்களால் இயலவில்லை.

அன்று முதல் எங்கள் வழக்கம் மாறிற்று. குரலை முதலில் எவ்வித ஒப்பனையுமின்றிப் பதிந்து வைக்கின்றோம். பின்னர் அப்பதிவைக் கணிப்பொறியினின்று வெளியே அனுப்பி, கருவிக்குள் புகுத்தி, திரும்பி வருவதை வேறொரு தடத்தில் பதிகின்றோம். மூலம் மூலமாகவே நிற்கும்.

'எதிரொலி' என்ற ஒரு சொல்லால் இரண்டு பொருள்களை நாம் குறிக்கின்றோம். மொழிபெயர்ப்பாளருக்கு இது ஓயாத தொல்லை. கிணற்றுக்குள் கூப்பிட்டால் சொல் மீண்டு வருவது ஒன்று. கல் மண்டபத்தில் பாடினால் ஓசை தங்கிக் கரைவது மற்றொன்று. 1974இல் வெளிவந்த ரோலண்டு ஆர்.ஈ. 201 என்னும் கருவியில் இரண்டும் உண்டு. சுழலும் நாடாவில் பதிந்த ஒலியை மூன்று தலைகள் அடுத்தடுத்துப் படிப்பதால் முன்னது பிறக்கும். சுருள்வில்லின் அதிர்வால் பின்னது பிறக்கும். இவற்றைப் போலிசெய்யும் மென்பொருள்களும் இன்று மலிந்துள்ளன. பல வேளைகளில் அவையே போதும். ஆயினும் நாடாவின் சிறு தள்ளாட்டத்தில் எங்களுக்கு ஒரு பற்றுண்டு.

இணைப்பதற்கு இன்டர்ஃபேஸ் பெட்டியில், நாம் கேட்பதற்கான இரு வெளிவாய்கள் போக, மேலும் ஒன்றேனும் வேண்டும். அடுத்துக் கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். ஒலிப்பதிவுக் கூடங்களின் வழக்கமான அளவு 1.23 வோல்ட், வீட்டு உபயோகக் கருவிகளுடையது 0.32 வோல்ட். ஏறத்தாழ நான்கு மடங்கு வேற்றுமை! கித்தாருக்கென அமைந்த சிறு பெட்டிகளோ இன்னும் மெலிந்த ஒலியை எதிர்பார்ப்பவை. நேராக இணைத்தால் ஒலி கரகரத்துச் சிதையும். ரீஆம்ப் பெட்டி என்பதை இடையில் வைத்தால் அளவு தணியும், மின்மறுப்பும் பொருந்தும். அது கிட்டாவிடில், வெளியனுப்பும் ஒலியையேனும் நன்கு குறைத்துத் தொடங்குக.

கருவியில் எதிரொலி மட்டும் வெளிவருமாறு திருகை வைத்தல் வேண்டும். கணிப்பொறியின் வழியே வெளியே போய் மீள்வதற்கு ஒலிக்குச் சிறிது நேரம் செல்லும். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில் 480 மாதிரித் தாமதம் என்பது நொடியில் நூற்றில் ஒரு பங்கு. எதிரொலிக்கு இது பொருட்டன்று. ஆனால் மூலக்குரலும் உடன் திரும்பினால், இரு குரல்களும் மோதித் தகரக் குழாய்க்குள் பாடியது போலாகும். தாமதத்தை அறிய, கருவியை விலக்கி, வெளிவாயையும் உள்வாயையும் ஒரே கம்பியால் இணைத்து, 'டக்' என்னும் ஓசையை அனுப்பிப் பதிக. இடைவெளி தோன்றினால், திரும்பிய தடத்தை அவ்வளவு முன்னே நகர்த்துக. அத்தடத்தை மீண்டும் அதே வெளிவாய்க்கு அனுப்பிவிடாதீர்கள். ஒலி வட்டமிட்டு ஊளையிடும். எங்கள் அண்டை வீட்டார் இதை நன்கறிவர்.

இனி, 'உம்' என்ற இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. நில இணைப்பு இரு வழியாக அமையும்போது அது ஒலியில் ஏறிவிடும். எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையினின்று இயக்கினால் பெரும்பாலும் அடங்கும். மூன்று முனைச் செருகியின் நில முனையை மட்டும் எவர் சொன்னாலும் நீக்காதீர்கள். அது உயிர் காப்பது.

அம்மூதாட்டியின் மகள் தம் குறிப்பேட்டில், விளங்காத அடிகளுக்கு இடம் விட்டே எழுதியிருக்கிறார். அப்பாட்டை அறிந்த வேறொருவரைத் தேடி, நாங்கள் இன்னும் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றோம்.