விழுந்ததைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதில் வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். அந்த வேலையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

வயசானவங்க கீழே விழுந்தால் வெளியே சொல்றதில்லை. "எப்படி இருக்கீங்க ஆயா?" என்றால், "நல்லா இருக்கேம்மா" என்பார்கள். "இந்த வருஷம் எங்கேயாவது விழுந்தீங்களா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் முழங்கையைக் காட்டுவார்கள். சொன்னால் திட்டு விழும், மகனுக்குச் செலவு, இனி வெளியே விடமாட்டார்கள் என்று பயம். ஆனால் ஒரு தடவை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். அடுத்த தடவை இடுப்பு எலும்பு உடையலாம். அப்புறம் படுக்கை, படுக்கைப்புண், நெஞ்சுச்சளி. உலகம் முழுக்க ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 60 வயது கடந்தவர்களே அதிகம்.

நம்ம பெருமுக்கல் மலைமேல் முக்தியாலீஸ்வரர் கோயிலுக்கு ஏறும்போது ஒவ்வொரு அடியும் பார்த்து வைக்கிறோம். ராத்திரி பாத்ரூம் போகும்போது பார்க்கிறோமா? ஆபத்து அங்கேதான். பாசி பிடித்த தரையை வாரம் ஒருநாள் தேய்த்துக் கழுவுங்க. கட்டில் பக்கத்தில் கைக்கு எட்டுற மாதிரி டார்ச் வையுங்க. தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்க. பி.பி. மாத்திரை சாப்பிடுறவங்க சட்டென்று எழுந்தால் தலை சுத்தும். ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழணும். அப்படித் தலை சுத்தினா டாக்டரிடம் சொல்லணும். தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. கண்புரை இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாக ஆபரேஷன் செய்கிறார்கள்.

திண்டிவனத்துக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் பயமில்லை என்று நினைக்காதீங்க. புது இடம், உயரமான கட்டில், மருந்து மயக்கம், கையில் குளுக்கோஸ் ஊசி. சிஸ்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, நோயாளி தானே இறங்கும்போதுதான் விழுவது நடக்கும். டீ வாங்கப் போனாலும் சிஸ்டரிடம் சொல்லிட்டுப் போங்க. கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிடச் சொல்லுங்க. வீட்டில் ஏற்கெனவே விழுந்திருந்தால், சேர்க்கும்போதே அதைச் சொல்லுங்க.

விழுந்தவரை உடனே தூக்காதீங்க. எங்கே வலி என்று கேளுங்க. ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் எலும்பு உடைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவாமல் 108-ஐக் கூப்பிடுங்க. தலையில் அடிபட்டு, வாந்தியோ தூக்கமோ வந்தாலும் அப்படித்தான்.

கடைசியா ஒரு கோரிக்கை. கறவை மாட்டுக்கும் காதுகுத்துக்கும் உள்கடன் கொடுக்கிறோம். பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி வைக்க எவ்வளவு ஆகும்? அதற்கும் கடன் உண்டு என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். அதோட, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க மாமியாரையும் அம்மாவையும் கோபமில்லாமல் கேளுங்க: "இந்த வருஷம் எங்கேயாவது விழுந்தீங்களா?" திட்ட மாட்டோம் என்று தெரிந்தால் சொல்லுவாங்க.