எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?



விழுப்புரம் சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருக்கும் முதியவர்களை நாம் பார்த்திருப்போம். மடியில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு வேட்டி, சர்க்கரை மாத்திரை, ஒரு செபமாலை. திண்டிவனத்தில் பெரியவன் வீட்டில் மூன்று மாதம் முடிந்தது. இனி சென்னையில் சின்னவன் வீட்டில் மூன்று மாதம். முறை போட்டது பிள்ளைகள். அலைவது அப்பா.

முதுமையில் வேறொருவர் உன்னை விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவார் என்று பேதுருவிடம் ஆண்டவர் சொன்னார் (யோவான் 21:18). அது பேதுருவின் இறப்பைக் குறித்த சொல். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் அதைத் தங்கள் கதையாகவே கேட்கிறார்கள்.

சிலுவையில் உயிர் பிரியும் வேளையிலும் இயேசு தம் தாய்க்கு ஓர் இல்லம் ஏற்பாடு செய்தார் (யோவான் 19:26-27). கவனிப்போம்: அவர் முதலில் தாயிடம் பேசினார், பிறகுதான் சீடரிடம். நாமோ, "அம்மாவை யார் வைத்துக்கொள்வது?" என்று கூடத்தில் பேசுகிறோம். அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதியோர் இல்லம் பாவமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. 1839-இல் பிரான்சு நாட்டில் புனித ழான் ஜூகன், பார்வையிழந்த ஓர் ஏழை மூதாட்டியைத் தூக்கிவந்து தம் சொந்தக் கட்டிலில் படுக்கவைத்தார். அப்படித் தொடங்கியதே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. சென்னையிலும் அவர்கள் முதியோர் இல்லம் நடத்துகிறார்கள். பகலெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆளில்லாத வீட்டைவிட, நல்ல இல்லம் மேலானதாக இருக்கலாம். கேட்காமல் கொண்டுபோய் விடுவதும், விட்டபின் எட்டிப் பார்க்காததுமே பாவம்.

சொந்த ஊரிலேயே இருக்கிறேன் என்பவர்களும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியை மகன் பொருத்தலாம். ஞாயிறுதோறும் நற்கருணை கிடைக்க அன்பியத்தார் பங்குத்தந்தையிடம் சொல்லலாம்.

கைவிடப்பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். விழுப்புரம், திண்டிவனம் கோட்டாட்சியர் அலுவலகங்களில் மனுக் கொடுக்கலாம்; வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யவும் வழி உண்டு. எனவே வீட்டை எழுதிக்கொடுக்கும் முன், அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்வது அன்பின்மை ஆகாது. 14567 என்ற எண்ணில் முதியோர் உதவிக்கு அழைக்கலாம்.

ஆனால் சட்டம் சோறு போட வைக்கும். பக்கத்தில் உட்கார வைக்காது. இந்த வாரம் ஒரு மாலை, கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, அப்பா அம்மாவின் அருகில் உட்காருவோம். "நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்போம். பதில் நமக்குச் சிரமமானதாக இருந்தாலும், முழுவதும் கேட்போம்.

செபிப்போம்: ஆண்டவரே, தளர்ந்த வயதில் எவரும் தள்ளப்படாதிருக்க, எங்கள் செவிகளைத் திறந்தருளும். ஆமென்.