திரையும் திரையும்



‘திரை’ என்னும் ஒரே சொல் தமிழில் கடலலையையும் குறிக்கும். படம் விழும் வெண்துணியையும் குறிக்கும். கடலூர்க்காரர்க்கு இவ்விரு பொருளும் தனித்தனியாக இருந்த காலம் 2004 டிசம்பர் 26-ஆம் நாளோடு முடிந்தது. அலையை நேரில் கண்ட மக்கள், அதே அலையைக் கட்டணம் செலுத்தித் திரையரங்கில் மீண்டும் காண்பது ஏன்? பேரிடர்ப் படங்களின் கவர்ச்சி எதில் இருக்கிறது? அக்கவர்ச்சி உண்மையான துயரத்திற்கு நியாயம் செய்கிறதா? இவையே இவ்வுரையின் வினாக்கள்.

பேரிடர்ப் படத்திற்கென ஓர் இலக்கணத்தை 1970-களில் ஆலிவுட் வகுத்துத் தந்தது. 1972-இல் வெளிவந்த ‘தி போசைடான் அட்வெஞ்சர்’ அதற்குத் தக்க சான்று. புத்தாண்டு இரவில், கடலடி நிலநடுக்கம் எழுப்பிய பேரலையால் ஒரு பயணக் கப்பல் தலைகீழாகக் கவிழ்கிறது. அதற்கு முன்பே, கப்பலின் நிலைப்புக்கு வேண்டிய அடிச்சுமையை ஏற்றக் காலம் தராமல் விரைந்து செலுத்துமாறு உரிமையாளரின் ஆள் தலைவரை வற்புறுத்துகிறான். எச்சரிக்கை இருந்தது, இலாபம் அதைக் கேட்கவில்லை. பின்னர் ஒரு பாதிரியார் சிறு கூட்டமொன்றை மேல்நோக்கி வழிநடத்துகிறார். வழியில் ஒருவர்பின் ஒருவராக மடிய, ஆறு பேர் மட்டும் வெளியேறுகின்றனர். 1974-இல் வந்த ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’ படத்திலும் இதே அமைப்புத்தான். 138 மாடிக் கட்டடம் திறப்புவிழா நாளில் எரிகிறது. காரணம், செலவைக் குறைக்கப் பொருத்தப்பட்ட தரமற்ற மின்கம்பிகள்.

முதலில் கேளாத எச்சரிக்கை, அடுத்துப் பலதிறப்பட்ட மனிதர் ஓரிடத்தில் கூடுதல், பின் அழிவு, அதன்பின் ஒரு தலைவனின் கீழ்ச் சிறுகுழுவின் பயணம், இறுதியில் எஞ்சியோர் வெளிச்சத்திற்கு வருதல். இவ்வைந்தும் அமைந்தால் படம் நிறைவுறும். பார்ப்பவர் நெஞ்சில் நிகழ்வதைத் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் கொண்டே விளக்கலாம். பேருருவான அலை மருட்கையைத் தருகிறது. அது தன்மேல் விழுமோ என்பது அச்சம். பிறர்க்காகத் தன்னுயிரை ஈபவனைக் காணும்போது பெருமிதம். இறந்தோரை எண்ணும்போது அழுகை. எட்டு மெய்ப்பாடுகளில் நான்கு ஒரே காட்சியில் திரளும் கலைவடிவம் அரிது. அத்துடன் இருக்கை அசையாமல் இருக்கிறது என்னும் உறுதியும் உண்டு. பாதுகாப்போடு அஞ்சக் கிடைக்கும் வாய்ப்பை மனித மனம் எக்காலத்தும் விரும்பியே வந்துள்ளது.

இந்த இலக்கணம் தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலையில் புகார் நகரைக் கடல் கொள்கிறது. மகனை இழந்த துயரில் நெடுமுடிக்கிள்ளி இந்திரவிழாவை மறந்தான். அதனால் மணிமேகலா தெய்வத்தின் சாபம் நிறைவேறியது என்று காப்பியம் காரணம் கூறுகிறது. கேளாத எச்சரிக்கையின் தமிழ் வடிவம் இது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரியும்போது யாரைத் தீண்டலாகாது என்று தீக்கடவுளுக்குக் கண்ணகி ஆணையிடுகிறாள். முதியோரும் குழந்தைகளும் அந்த வரிசையில் உள்ளனர். அழிவுக்கு ஒரு காரணம் வேண்டும். பிழைப்பவர்க்கு ஒரு தகுதி வேண்டும். இவ்விரண்டையும் கேட்டு நிற்கும் மனத்திற்குக் காப்பியமும் படமும் ஒரே விடையைத் தருகின்றன. அழிவைக் கண்டு அஞ்சுவதைவிட, காரணமற்ற அழிவைக் கண்டே மனிதன் மிகுதியாக அஞ்சுகிறான். பேரிடர்ப் படத்தின் ஆழ்ந்த கவர்ச்சி, அந்த இரண்டாம் அச்சத்தைத் தீர்ப்பதில்தான் இருக்கிறது.

ஆனால் கடலூர்க் கரைக்கு வந்த அலை இவ்விலக்கணம் அறியாதது. மார்கழிப் பௌர்ணமி நாளான அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்திரா அருகே கடலடி அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்திற்கு மேல் கடந்தபின் தமிழகக் கரையில் அலை ஏறியது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், தாழங்குடா, கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு எனக் குப்பங்கள் சிதைந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் விழா மறந்த மன்னன் எவனும் இல்லை. கண்ணகி காக்கச் சொன்ன முதியோரும் குழந்தைகளுமே மிகுதியாக அலைவாய்ப்பட்டனர். ஓட இயலாதவர் அவர்களே அல்லவா?

இந்த அலையைத் தமிழ்த்திரை எவ்வாறு எடுத்தாண்டது என்பதற்கு ‘தசாவதாரம்’ தலையாய சான்று. கமலஹாசன் கதை, திரைக்கதை எழுதிப் பத்து வேடங்களில் நடிக்க, கே.எஸ்.ரவிக்குமார் இயக்கி 2008-இல் வெளிவந்த இப்படம் தொடங்குவதே சிதம்பரத்தில்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் ஆணையால் கோவிந்தராசப் பெருமாள் திருமேனி தில்லையிலிருந்து அகற்றப்படுகிறது. அதனோடு பிணைக்கப்பட்ட இரங்கராச நம்பி கடலில் ஆழ்த்தப்படுகிறார். இடையில் கொடிய நுண்ணுயிர் அடங்கிய குப்பியொன்றின் பின்னே கதை ஓடுகிறது. முடிவில் 2004-இன் அலை எழுந்து அந்நுண்ணுயிரைக் கடலுப்பால் அழிக்கிறது. மூழ்கிய திருமேனியையும் கரை சேர்க்கிறது. மணற்கொள்ளையை எதிர்த்த பூவராகன், பிள்ளைகளை மீட்டுத் தன்னுயிர் நீக்கிறான். தில்லையில் தொடங்கியது அலையில் முடிகிறது.

இங்கே அழிவு மருந்தாகிவிடுகிறது. பெருங்கேட்டைத் தடுக்க வந்த சிறுகேடாக அலை காட்டப்படுகிறது. கதைக்கலை நோக்கில் இது துணிச்சலான இணைப்பு என்பதில் ஐயமில்லை. அலையைத் தெய்வச்செயலாகக் கருதும் நாயகியிடம், இத்தனை உயிர் போனதை அவ்வாறு கொள்ளலாமா என்று நாயகன் ஐயுறுவதையும் படம் மறைக்கவில்லை. அது அப்படத்தின் நேர்மை. ஆயினும் சோனாங்குப்பத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அப்படத்தைப் பார்த்தால், தன் பிள்ளை எதற்கு விலையாயிற்று என்று கேட்கமாட்டாளா? காரணம் தேடும் ஆறுதல், பார்வையாளனுக்கு மருந்தாகலாம்; இழந்தவர்க்கு அது மீண்டும் ஒரு காயம்.

அப்படியானால் இவ்விலக்கணம் முழுவதையும் தள்ளிவிடலாமா? கூடாது. ஐந்து உறுப்புகளுள் முதலாவது, அதாவது கேளாத எச்சரிக்கை, இன்றும் உயிருள்ளது. பசிபிக் கடலில் 1949 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்கியது. இந்தியப் பெருங்கடலுக்கு 2004-இல் அத்தகைய அமைப்பு இல்லை. ஐதராபாத்தில் 2007-இல்தான் அது அமைந்தது. இரண்டு மணி நேரம் இருந்தும், சொல்வதற்கு ஒரு வாய் இல்லாமற்போயிற்று. கடலூரின் கதையில் எச்சரிக்கை கேளாததன்று, சொல்லப்படாதது. தரமற்ற மின்கம்பியை யார் பொருத்தினார் என்று கேட்கும் பேரிடர்ப் படம், இவ்வினாவையும் கேட்கக் கற்றுத்தருகிறது. ‘யார் பிழைக்கத் தகுதியுடையவர்’ என்பதைக் கைவிட்டு, ‘யார் சொல்லியிருக்க வேண்டும்’ என்பதைப் பற்றிக்கொள்ளுவதே இம்மரபிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது.

இம்மரபு தொடாத இடமும் ஒன்றுண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையேறியது. இம்முறை முன்னறிவிப்பு இருந்தது. ஆனால் பண்ருட்டி வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பாட்டன் நட்ட பலா ஓரிரவில் விழுந்தால், அதன் நிழலுக்குப் பேரன் காலம் வரை காத்திருக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் முடியும் படத்திற்கு இந்தக் காத்திருப்பைக் காட்ட இயலாது. எஞ்சியோர் வெளிச்சத்திற்கு வந்ததும் விளக்கு எரிந்துவிடும்; கூட்டம் கலைந்துவிடும். ஆனால் எஞ்சியோரின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ‘சுனாமி குடியிருப்பு’ என்று ஊர்ப்பெயரே மாறிப்போன வீடுகளில், கடலோசை கேட்காத தூரத்தில் உறங்கப் பழகிய வலைஞர்களின் ஆண்டுகள் எந்தப் படத்திலும் அடங்கா.

அந்த இடம் கவிஞர்க்கு உரியது. பேரலையைத் திரை காட்டட்டும். அதில் கவிதை போட்டியிட வேண்டியதில்லை. அலை வடிந்த மறுநாள், மணலில் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்து இது யாருடையது என்று கேட்டவரின் குரல் கவிதையில் நிற்கட்டும். அலைக்கு நோக்கம் கற்பிக்காமல், இழந்தவர்க்குப் பெயர் கொடுக்கட்டும். கடலூரும் தில்லையும் தம் கவிஞரிடம் கேட்பது அதுவே.