ரத்தம் கொடுக்கும் முன்

ஏறத்தாழ 10,000 இந்தியர்களின் மரபணுத் தகவல் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பெயர்களை நீக்கிவிட்டார்களே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த தமிழ்ச் சமணர்களைப் போன்ற சிறிய சமூகங்களுக்கு அந்தப் பதில் போதாது. ஒருவர் பெயர் மறைந்தாலும், இன்னாருக்கு இந்த நோய் என்ற முத்திரை சமூகத்தின் மேலேயே விழும். சம்பந்தம் பேச வருகிறவர்கள் காதுக்கும் எட்டும். அப்படியானால் ஆய்வே வேண்டாமா? வேண்டும். ஆரிய வைசியச் சமூகத்தார் சிலருக்கு, அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் ஊசி மருந்து உடலில் லேசில் முறிவதில்லை. தானாக மூச்சுவிட மணிக்கணக்காகும். தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்ததில் தங்கிவிட்ட மரபணு மாற்றம் இது. முன்பே தெரிந்தால் மயக்க மருத்துவர் வேறு மருந்துக்குப் போய்விடுவார்.

உயிர்காக்கும் தகவல்தான், ரத்தம் கொடுத்தவர்களிடம் அது திரும்பி வந்தால். அமெரிக்காவில் ஹவசுப்பாய் பழங்குடியினர் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று நம்பிக் கொடுத்த ரத்தம் வேறு ஆய்வுகளுக்கும் போனது; வழக்காடி, 2010-இல் மிச்சத்தை மீட்டார்கள். நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளும் சமூகத்தோடு கலந்துபேசச் சொல்கின்றன. ஆகவே ஊருக்கு மரபணு ஆய்வு முகாம் வந்தால், கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: ரத்தம் எதற்கு, எத்தனை காலம் வைத்திருப்பீர்கள், முடிவை யார் வந்து சொல்வீர்கள்?