குறுக்கெழுத்தும் தமிழ்மரபும்

(முதுகுளத்தூரில் மாணவரிடையே ஆற்றப்பெற்ற உரை)



தாளிகையைக் கையிலெடுத்ததும் குறுக்கெழுத்துக் கட்டத்தைத் தேடுவோர் இவ்வூரிலும் உளர். 1913 திசம்பர் 21-ஆம் நாள் நியூயார்க்கு நகரின் 'வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் என்பார் அமைத்துக் காட்டிய விளையாட்டு அது. எனினும், எழுத்தைக் கட்டத்துள் அடக்கிப் பல திசையிலும் படிக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. தண்டியலங்காரம் கூறும் சுழிகுளம், எட்டெழுத்தாய் நான்கு வரியுடையது. நேரே படிப்பினும் சுழித்துப் படிப்பினும் அதே பாட்டாகும். பல வினாக்களின் விடைகளைச் சேர்த்தால் ஒரு சொல் நிரம்புவது வினாவுத்தரம். (பெயரின் பிற்பாதி வடசொல், என் செய்வது!)

விடை காணும் வழிக்கு ஓர் எடுத்துக்காட்டு. குறிப்பு: 'கீழைக்காற்று'. கட்டம் நான்கு, இறுதியெழுத்து 'ல்' எனத் தெரிந்துவிட்டது. உடனே 'தென்றல்' என்று எழுத முந்துவார் பலர். கட்டம் நிரம்பும், 'ல்' பொருந்தும், பொருள் பொருந்தாது. தென்றல் தெற்கினின்று வருவதன்றோ? பின்னர், மேலிருந்து கீழாக வரும் வேறொரு சொல்லால் மூன்றாம் எழுத்து 'ட' எனத் தெரிகிறது. டகரத்தின் முன் மெல்லெழுத்து நிற்பின் அது அதன் இனமாகிய 'ண்' ஆகும். 'ன்' அங்கு வாராது. விடை 'கொண்டல்'. மூக்கையூர், வாலிநோக்கக் கடற்கரை மீனவர்க்கு இதற்கு அகராதி வேண்டா.

தமிழெழுத்து 247. அத்தனையும் எல்லாக் கட்டத்திலும் வந்து அமர்ந்துவிடா. மெய்யெழுத்து சொன்முதலில் வாராது. டகரமும் றகரமும் வாரா. வல்லின மெய் சொல்லிறுதியில் நில்லாது. இவ்வரம்புகளே இருட்டில் விளக்கு. ஆனால் கட்டம் அமைப்போர் சிலர் 'டாக்டர்' என்றும் 'பஸ்' என்றும் விடை வைக்கின்றனர். முன்னது டகரத்தில் தொடங்குகிறது. பின்னதன் ஈறு தமிழெழுத்தே அன்று. இலக்கணம் கற்ற மாணவன் தோற்கிறான். கல்லாதவன் குருட்டாம்போக்கில் வெல்கிறான். 'மருத்துவர்' ஆறு கட்டம், 'பேருந்து' நான்கு கட்டம் கேட்கும், அவ்வளவே. அதற்குக்கூடச் சோம்பலா?

சொல் தேடத் துணைநூலும் உண்டு. 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் நம் இராமநாதபுரத்தார். அச்சங்கமே யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளையின் சொல்லகராதியை வெளியிட்டது. அகராதியில் தேட முதலெழுத்துத் தெரியவேண்டும். அது தெரியாமல் இரண்டாமெழுத்து மட்டும் அகப்பட்டால்? சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதியைப் புரட்டுக. ஒரு சொல்லுக்குரிய பல பொருளைக் கூறும் அத்தொகுதி எதுகை முறையில், அதாவது இரண்டாமெழுத்து வரிசையில், அமைந்தது.