பாப்பாத்தியம்மாள் கட்டிய கோவில்



திருவண்ணாமலைக்கு வருகிற விருந்தாளிக்கு வல்லாள மகாராஜா கோபுரத்தைக் காட்டும்போது அருணகிரிநாதர் கதையும் கூடவே வந்துவிடும். இளமையில் மனம்போன போக்கில் திரிந்தார், உடம்பைக் கெடுத்துக்கொண்டார், அக்காவின் மனத்தை உடைத்தார், கடைசியில் வெட்கம் தாங்காமல் கோபுரத்தின் மேலிருந்து குதித்தார், முருகன் தாங்கிக்கொண்டான், அதன்பிறகே திருப்புகழ் பிறந்தது என்று இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறது. இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்று அறிஞர்கள் ஆராயட்டும். என்னைத் தொட்டது வேறொன்று. அவருடைய பெருமையைச் சொல்ல வருகிறவர்கள் அந்தப் பழைய வாழ்க்கையை மூடி மறைப்பதே இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் முருகனிடம் வருகிறார்கள்.

நான் வேங்கிக்காலில் குடியிருக்கும் கிறிஸ்தவப் பெண். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தக் கதையைச் சொல்லும் ஊரில் வளர்ந்ததால், என் வேதத்தைப் படிக்கும்போதும் இதே கேள்வியோடுதான் படித்திருக்கிறேன்: கடவுளின் கிருபை யாரைத் தேடிப் போகிறது?

மத்தேயு சுவிசேஷத்தைத் திறந்தால் முதலில் வருவது ஒரு வம்ச வரலாறு. ஆலயத்தில் வாசிக்கும்போது பலரும் எப்போது முடியும் என்று காத்திருக்கும் பகுதி அது. ஆனால் தகப்பன் பெயரும் மகன் பெயருமாகப் போகும் அந்த வரிசையில், இயேசுவின் தாய் மரியாள் வருவதற்கு முன்பே நான்கு பெண்கள் நிற்கிறார்கள். நியாயம் கிடைக்காமல் முக்காடிட்டு வழியோரம் உட்கார்ந்த தாமார், எரிகோ நகரத்து வேசி ராகாப், வேற்று நாட்டு விதவை ரூத், தாவீது ராஜா செய்த பாவத்துக்கு ஆளான உரியாவின் மனைவி. குடும்பப் பெருமை பேச வருகிற எவரும் இந்தப் பெயர்களை விழுங்கிவிட்டு மேலே போயிருப்பார்கள். மத்தேயு அவர்களை எழுதி வைத்திருக்கிறார்.

நம் தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு பெயர் உண்டு. இன்று உங்களோடு பேச வந்தது அந்தப் பெண்ணைப் பற்றித்தான். பாளையங்கோட்டைக்காரர்கள் அவரைப் பாப்பாத்தியம்மாள் என்பார்கள். திருச்சபை வரலாற்றில் அவர் பெயர் கிளாரிந்தா.

தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமணக் குடும்பத்துப் பெண். சிறுவயதிலேயே விதவையானவர். 18-ஆம் நூற்றாண்டில் அந்த வீடுகளில் ஒரு விதவைக்கு என்ன மிஞ்சியிருந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கணவனின் சிதையில் ஏற்றப்பட இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி காப்பாற்றியதாக ஒரு கதை வழங்குகிறது. நமக்கு உறுதியாகத் தெரிவது இவ்வளவு: அவர் அந்த அதிகாரியோடு வாழ்ந்தார், அதிகாரி அவரை மணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அதே அதிகாரி அவருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார், கிறிஸ்தவ மார்க்கத்தின் அடிப்படைகளையும் சொல்லிக்கொடுத்தார். மாலை போட்டுத் தாலி கட்டாதவன் வேதம் கற்றுக்கொடுத்திருக்கிறான்! யோக்கியமான உபதேசியார் யாரும் அந்தப் பெண்ணின் வாசலுக்குப் போயிருக்க மாட்டார்கள். போயிருந்தாலும் அவள் வீட்டார் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். அவளை எட்டிய ஒரே ஆள், சபையின் கணக்கில் பாவத்தில் வாழ்ந்துகொண்டிருந்த ஒரு படை அதிகாரி.

அந்தப் பெண் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் கேட்டார். கேட்டது சாதாரண ஆளிடம் இல்லை. சுவார்ட்ஸ் ஐயரிடம். ஜெர்மனியில் பிறந்து, மிஷனெரியாக 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியிலும் தஞ்சாவூரிலும் வாழ்ந்து, 1798-இல் இந்த மண்ணிலேயே அடக்கமானவர். ஹைதர் அலியே நம்பிப் பேசிய மனிதர் என்று பெயரெடுத்தவர். அவர் மறுத்துவிட்டார். மணமில்லாமல் ஒருவரோடு வாழ்கிறவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்றார்.

சுவார்ட்ஸைக் குறைசொல்வது சுலபம். அவர் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. அன்றைக்குக் கோட்டைகளில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் ஒழுக்கத்தைப் பார்த்து, இதுதானா உங்கள் மார்க்கம் என்று ஊரார் பாதிரிமாரைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். ஆனாலும் என் மனம் கேட்கிறது: மணம் செய்துகொள்வது அந்தப் பெண்ணின் கையிலா இருந்தது? மணக்காதவன் அவன். கதவு சாத்தப்பட்டது இவளுக்கு. பழி எப்போதும் எளியவர் தலையில்தான் வந்து விழும்.

அந்தப் பெண் கதவைத் தட்டுவதை நிறுத்தவில்லை. பாளையங்கோட்டைக்கு வந்தபின் அதிகாரி இறந்துபோனார். 1778-இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவரிடம் அந்தப் பெண் மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை ஞானஸ்நானம் கிடைத்தது. வளர்ப்பு மகனுக்கும் சேர்த்து. அந்தப் பையனுக்கு வைத்த பெயர் ஹென்றி லிட்டில்டன். தன்னை மணக்காத மனிதனின் பெயரையே பிள்ளைக்கு வைத்திருக்கிறார். அதில் அன்பு எவ்வளவு, நன்றி எவ்வளவு, மன்னிப்பு எவ்வளவு என்பது அந்த அம்மாளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

இரண்டு வருஷத்தில், 1780-இல், பாளையங்கோட்டைச் சபையின் முதல் பெயர்ப்பட்டியல் எழுதப்பட்டது. மொத்தம் 40 பேர். பல சாதிகளைச் சேர்ந்தவர்கள். பட்டியலில் முதல் பெயர் கிளாரிந்தா. தஞ்சாவூரில் மறுக்கப்பட்ட அதே பெண். தன் கைப்பணத்தைப் போட்டு ஆலயம் கட்டினார். 1785-இல் அதைப் பிரதிஷ்டை செய்ய வந்தவரும் சுவார்ட்ஸ்தான். ஆலயத்துக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் வெட்டிய கிணற்றை ஊரார் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே சொல்லி வந்தார்கள். அங்கே ஊழியம் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து அனுப்பப்பட்ட சத்தியநாதன், 1790-இல் குருப்பட்டம் பெற்றார். திருநெல்வேலிச் சீமையில் பின்னாளில் எழுந்த ஆலயங்கள், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள் பலவற்றுக்கும் வேரைத் தேடிக்கொண்டு போனால் இந்தச் சிறிய ஆலயத்தின் வாசலில் வந்து நிற்க வேண்டும். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையா இந்த வாழ்க்கையால் ஈர்க்கப்பட்டு 1915-இல் ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். அவர் கிறிஸ்தவர் அல்ல. விதவைகளின் துயரம் அறிந்த சீர்திருத்தக்காரர்.

கிளாரிந்தா பின்னாளில் நல்ல காரியங்கள் செய்தார், அதனால் பழையதெல்லாம் கழிந்துபோனது என்று சிலர் கணக்கை நேர்செய்வார்கள். எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. அதிகாரியின் வீட்டில், ஊர் பழித்த நாட்களிலேயே அவருக்குள் விசுவாசம் முளைத்துவிட்டது. ஞானஸ்நானம் கேட்டு வந்தபோதே அது அவரிடம் இருந்தது. சுவார்ட்ஸின் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். பரிசுத்தவான் என்று பேரெடுத்தவரின் கண்ணுக்கே படவில்லை என்றால் நம்முடைய கண்ணைப் பற்றி நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

என் கண்ணுக்கு எதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்குத் தண்டல் வசூலிக்க ஒரு அம்மா வருவார். நெற்றி நிறையக் குங்குமம், தோளில் ரெக்சின் பை, பைக்குள் ரப்பர் பேண்டு போட்ட நீள நோட்டு. டிவிஎஸ் எக்ஸெல் சத்தம் தெருமுனையில் கேட்டாலே பூக்கட்டும் பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ண ஆரம்பிப்பார்கள். பத்தாயிரம் என்றால் வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கையில் கொடுப்பார். ஒருநாள் தவணை தவறினால் வாசலில் நின்று அவர் பேசுகிற பேச்சு நாலு வீட்டுக்குக் கேட்கும். பயந்துகொண்டே வாழ்ந்தவர்கள் உண்டு. இதில் நல்லது என்று சொல்ல எதுவும் இல்லை.

அவரிடம் கடன் வாங்கியிருந்த ஒரு பெண்ணுக்குக் காசநோய். வீட்டுவேலை செய்தவர். புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இருமல் சத்தம் கேட்டு நாங்கள் எல்லாரும் ஜன்னலைச் சாத்தினோம். சபைப் பெண்கள் போய் ஜெபம் பண்ணிவிட்டு வந்தார்கள். வாசற்படிக்கு வெளியே நின்று. தண்டல்கார அம்மா பணம் கேட்க உள்ளே போனவர், அன்றைக்குச் சீக்கிரத்தில் வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டு வந்தார். பிறகு தினமும். உடம்பைத் துடைத்துவிட்டு, புடவையை அலசிப் போட்டு, மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்து, விழுங்குகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் அழைத்துப்போனதும் அவர்தான். சிகிச்சை முடிந்து அந்தப் பெண் எழுந்து நடமாடும் வரைக்கும் இது நடந்தது.

ஒருநாள் வழியில் பார்த்துக் கேட்டேன், கடனைத் தள்ளிவிட்டீர்களா என்று. "வட்டிய உட்டுட்டேன் டீச்சர். அசல உடல. எழுந்து நின்னா தரட்டும், நின்னா போதும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வாசலில் போய், தவணை தராத இன்னொருத்தியை அதே பழைய குரலில் வைய ஆரம்பித்தார்.

அவர் மாறவில்லை. தொழிலை விடவில்லை. தண்டல் வட்டியை நான் இன்றும் கொடுமை என்றே சொல்வேன், அவர் முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நல்ல சமாரியன் உவமையை இப்போது யார் பிரசங்கித்தாலும், காயம்பட்டவனை விட்டு விலகிப்போன ஆசாரியன் இடத்தில் எங்கள் ஜன்னல்களும், கழுதைமேல் ஏற்றிக் கொண்டுபோனவன் இடத்தில் அந்த எக்ஸெல் வண்டியும் என் கண்முன் வந்து நிற்கின்றன. இயேசு அந்தக் கதையில் ஒரு சமாரியனைத் தேர்ந்தெடுத்தது யூதர்கள் காதுக்கு எப்படிச் சுட்டிருக்கும் என்பது எனக்கு எங்கள் தெருவில்தான் விளங்கியது.

குற்றம் உள்ளவர் வழியாகவும் கிருபை வரும் என்று சொன்னால் உடனே ஒரு ஆபத்தும் வந்துவிடுகிறது: அப்படியானால் குற்றத்தைப் பேசவே வேண்டாம் என்பார்கள். அதற்கு என்னால் உடன்பட முடியாது. ஏன் என்று ஒரு மனிதரை வைத்துச் சொல்கிறேன். 1785-இல் பாளையங்கோட்டையிலிருந்து சுவார்ட்ஸ் திரும்பியபோது 11 வயதுப் பையன் ஒருவனைப் படிக்கவைப்பதற்காகத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அந்தப் பையன்தான் வேதநாயகம் சாஸ்திரியார். சரபோஜி மன்னரின் தோழர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். நம் பாட்டும் தாளமும் ஆலயத்துக்குள் நிலைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் தமிழ்க் கிறிஸ்தவர்களின் கல்யாணமும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. அதே சாஸ்திரியார், ஆலயத்துக்குள் எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று புதிய மிஷனெரிமார் சொன்னபோது எதிர்த்து நின்றார். சாதி ஆசாரம் உலக மரியாதையைச் சேர்ந்தது, விசுவாசத்துக்கு விரோதமில்லை என்று எழுதி வாதாடினார். 1829-இல் அதனாலேயே வேலையையும் இழந்தார்.

அவர் பாட்டு எனக்கு உயிர். அவர் சாதி பற்றிச் சொன்னது பாவம். இரண்டையும் நான் சொல்லியாக வேண்டும். தன் குற்றத்தைத் தானே சொன்னவரும் உண்டு. இங்கிலாந்தில் ஜான் நியூட்டன் இருந்தார். அமேசிங் கிரேஸ் என்று உலகமே பாடும் பாட்டை எழுதியவர். 1748-இல் கடல் புயலில் கடவுளைக் கூப்பிட்டவர், அதற்குப் பிறகும் 1754 வரை ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியில் கட்டி ஏற்றும் கப்பல்களில்தான் போனார். அந்த வியாபாரத்தின் கொடுமையை ஒரு சிறு நூலாக எழுதி, தானும் அதில் பங்கெடுத்ததை ஊரறிய ஒப்புக்கொண்டது 1788-இல். இடையில் நாற்பது வருஷம்! அத்தனை மெதுவாகவும் கிருபை வேலை செய்யும். நியூட்டன் தன் வாயாலேயே சொன்னார். சாஸ்திரியாருக்காக அதை இனி நாம்தான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அந்தச் சாதி விஷயம் அவரோடு போய்விடவில்லை. செத்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்துப் புதைக்கும் கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. திருச்சி மேலப்புதூரில் கல்லறைகளுக்கு நடுவே நின்ற சுவரைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். பாளையங்கோட்டைப் பட்டியலில் ஒரு பிராமண விதவையின் பெயருக்குக் கீழே பல சாதிக்காரர்களின் பெயர்கள் ஒரே தாளில் எழுதப்பட்டு இரண்டேகால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குச் சாஸ்திரியாரின் பாட்டைப் பாடப் போகிற பாடகர் குழுக்களுக்கு என் வேண்டுகோள்: பாடுங்கள், நானும் கூடப் பாடுகிறேன். பாடி முடித்த கையோடு, உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறதா என்று சபைக் கமிட்டியில் எழுந்து கேளுங்கள்.