சர்க்கரையிலிருந்து அமிலம்



இரவில் உறை ஊற்றிய பால் விடிவதற்குள் தயிராவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பாலிலுள்ள சர்க்கரையைப் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அப்புளிப்பினால் பால் உறைகிறது. புளித்த பாலிலிருந்து இவ்வமிலத்தை 1780-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஷீலே. அதனை ஆக்குபவை நுண்ணுயிர்களே என 1857-இல் எடுத்துரைத்தவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர்.

இதே செயலை ஆலைகளிலும் நடத்துகிறார்கள். சர்க்கரையை நீரில் கரைத்து, பாக்டீரியாவுக்கு வேண்டிய சத்துக்களைச் சேர்த்து, வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். இதில் பெரிய சிக்கனம் உண்டு. 180 கிராம் குளுக்கோஸ் சாராயமாக நொதித்தால், கணக்குப்படி 92 கிராம் சாராயமே கிட்டும். எஞ்சிய 88 கிராம் கரியமில வாயுவாகிவிடும். லாக்டிக் அமிலமோ, கணக்குப்படி 180 கிராமும் கிட்டும்.

ஆயினும் ஓர் இடையூறு உண்டு. தான் ஆக்கிய அமிலம் மிகுந்தால் பாக்டீரியாவின் வேலை நின்றுவிடும். ஆகவே சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தை உப்பாக்கி, பின்னர்க் கந்தக அமிலத்தால் அதனை மீட்பது வழக்கம். அப்போது ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜிப்சம் சேர்ந்துவிடுகிறது. இதனைக் குறைக்கும் முறைகளை அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

உணவுக்கும், மருந்துக்கும், தோல் பதனிடுவதற்கும் பயன்படும் இவ்வமிலத்தின் மூலக்கூறுகளைச் சங்கிலிபோல் கோத்தால், பாலிலாக்டிக் அமிலம் என்னும் பிளாஸ்டிக் கிடைக்கும். கரும்புச் சர்க்கரையிலிருந்து இதனைச் செய்ய, உத்தரப் பிரதேசத்திலுள்ள கும்பியில் பல்ராம்பூர் சர்க்கரை நிறுவனத்தார் தொடங்கிய ஆலைக்கு 2025-இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

இச்செய்தியில் நம் திருவண்ணாமலைக்கும் அக்கறை உண்டு. நம் மாவட்டத்தில் கரும்பு விளைகிறது. செய்யாற்றில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அமைந்தது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அடியார் கூட்டம் திரள்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருந்தும், குப்பைக் கவலை நீங்கவில்லை.

இப்புதிய பிளாஸ்டிக்கில் கோப்பை செய்தால் கவலை தீருமா? கோப்பையை மட்டும் மாற்றினால் தீராது. ஏறத்தாழ 60 டிகிரி வெப்பமுள்ள எருக் குவியலில்தான் அது சில மாதங்களில் மக்கும். பாதையோரத்தில் எறிந்தால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். அதனைத் தனியே சேர்த்து எருவாக்கும் ஏற்பாடும், கண்ட இடத்தில் எறியாத ஒழுக்கமும் உடன் வேண்டும். வேதியியல் கற்கும் நீங்கள் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்ப்பீர்களாக!